தம்பிக்கு அறிவுரை வேண்டாம், அப்பாவிடம் என்ன சொல்வது?

தாமிரபரணிக்காரி:

"ஏதாவது ஒரு வேலைக்குப் போகச் சொல்லுங்க" என்ற பதிலை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே போதுமான ஆள் இருக்கிறார்கள்.

தம்பிக்கு 33 வயது. சிவில் டிப்ளமோ. ஒரு கட்டுமான கம்பெனியில் சைட் சூப்பர்வைசராக இருந்தான். 2020 ஊரடங்கில் சைட் நின்றது, அப்புறம் சம்பளம், அப்புறம் கம்பெனியே. அன்றிலிருந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறான். 2022 குரூப் 4 இல் கட்-ஆஃபை ஒட்டி வந்து நழுவியது. 2024 இலும் கிடைக்கவில்லை. நடுவில் சின்னச் சின்ன சைட் வேலைகள் வந்தன, எதுவும் நிலைக்கவில்லை.

பிரச்சினை அப்பா. அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "கரண்டு பில்லு கட்டணும்னு அவன்கிட்ட சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அவன் போனை எடுத்துக் கட்டி முடித்துவிடுகிறான். ரேஷன் கடை, ஆச்சியை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, அப்பாவையே ஓய்வூதியர் நேர்காணலுக்கு வண்டியில் வைத்து அழைத்துப்போவது எல்லாம் அவன்தான். அந்த வண்டியில் போகும்போதும் பேச்சு கிடையாது.

அடுத்த மாதம் மாமா மகள் கல்யாணம். "அவன் வர வேண்டாம். நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்ல?" என்கிறார்.

தம்பியை எப்படித் திருத்துவது என்று நான் கேட்கவில்லை. எழுபதை நெருங்குகிற மனுஷரிடம் இதை எப்படிப் பேசுவது? இந்த வழியாகப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பனியன்கம்பெனி:

அப்பா பக்கம் பேசவும் ஒரு ஆள் வேண்டும் என்பதால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக் தையல், செக்கிங், பேக்கிங் எதற்கும் ஆள் இல்லை. ஒடிசா, பீகார் பையன்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் தாமதமாக வந்தால் எனக்கு ஷிப்மென்ட் போச்சு. இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று நாங்கள் அலைகிறோம், அந்தப் பக்கம் நாலு வருஷமாக வேலை இல்லை என்று வீட்டில் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஊரில் பார்க்கிற எவனுக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். உங்கள் அப்பாவுக்கும் அதுதான்.

கட்டைவிரல்:

உத்தியோகம் புருஷ லட்சணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

சாக்பீஸ்:

சரி, அப்போ எனக்கு லட்சணமே தேவைப்படவில்லை போல. பிறகு வருகிறேன், குக்கர் வைத்திருக்கிறேன்.

ரீடிங்ரூம்:

பனியன்கம்பெனி அண்ணே, ஒரு சிவில் டிப்ளமோக்காரன் ஓவர்லாக் மெஷினில் உட்காரவில்லை என்று சொல்கிறீர்கள். உட்காரலாம், தப்பில்லை. ஆனால் உட்கார்ந்தால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவான், ஒன்றரை ஷிப்ட். அப்புறம் எப்போது படிப்பது? "வேலைக்குப் போய்க்கொண்டே படி" என்று சொல்பவர்கள் அந்த வேலையின் நேரத்தைக் கேட்பதே இல்லை.

கணக்கையும் பாருங்கள். 2022 குரூப் 4 க்கு முதலில் அறிவித்தது 7,301 இடம், விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். 2024 இல் அறிவித்தது 6,244, விண்ணப்பம் சுமார் 20 லட்சம். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள், உண்மைதான். கூட்டியும் ஒரு இடத்துக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. கட்-ஆஃபை ஒட்டி வந்தான் என்றால் தாமிரபரணிக்காரி அக்காவின் தம்பி லட்சக்கணக்கான பேரைத் தாண்டி வந்திருக்கிறான் என்று அர்த்தம். வீட்டில் அதற்குப் பெயர் பெயில்.

இன்னொன்று, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது காத்திருப்பு. 2022 ஜூலை 24 தேர்வு. முடிவு வந்தது 2023 மார்ச்சில். அந்த எட்டு மாதம் வேறு வேலைக்குச் சேர்வதா, கிடைத்துவிடும் என்று இருப்பதா, அடுத்த தேர்வுக்குப் படிப்பதா? எங்கள் ரீடிங் ரூமில் அந்த எட்டு மாதத்தில் ஒருத்தரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

நாங்கள் படிப்பது என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடப் புத்தகம். ஆறாம் வகுப்புத் தமிழ் என் மேசையில் ஒன்று, அண்ணன் மகள் பையில் ஒன்று. அவள் அதை முடித்து ஏழுக்குப் போய்விட்டாள். நான் இன்னும் ஆறையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் "சித்தப்பா, நீங்க எப்போ பாஸ் ஆவீங்க?" என்று கேட்டாள். குழந்தை கிண்டலுக்குக் கேட்கவில்லை, அதனால்தான் பதில் வரவில்லை.

நாற்பத்திரண்டு:

தாமிரபரணிக்காரி, உங்கள் தம்பிக்கு இத்தனை நாள் கையில் ஒரு குடை இருந்தது. "டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறான்." இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் அடுத்த கேள்வி கேட்காமல் "நல்லா படிப்பா" என்று போய்விடுவார்கள். நம் ஊரில் வேலை இல்லாதவன் மரியாதையாக நிற்க மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான். உங்கள் அப்பாவும் இரண்டு மூன்று வருஷம் அதன் கீழேதான் நின்றிருப்பார். இப்போது கேட்பவர்கள் "இன்னுமா படிக்கிறான்?" என்கிறார்கள். அவர் கோபம் தம்பி மேல் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எனக்கு அந்தக் குடையே கிடையாது. ஐடியில் டெஸ்டிங். பெயர்தான் வயது. ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், திங்கட்கிழமை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு ஒரு தீபாவளி போய் அடுத்ததும் போயாயிற்று. இந்த வயதில் குரூப் 4 படிக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பையனைப் பள்ளி வேனில் ஏற்றப் போகும்போது "ஒர்க் ஃப்ரம் ஹோமா சார்?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கீழே இறங்குகிறேன். மாமனார் வீட்டில் "கன்சல்டிங்". என் அப்பாவுக்கு இன்று வரை தெரியாது.

வேலை இல்லாமல் இருப்பதை விட, வேலை இருப்பது போல் நடிப்பதுதான் முழுநேர வேலை. அதற்கு லீவும் கிடையாது.

பழையரிஜிஸ்டர்:

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் அப்பா வேலையில் சேர்ந்தது எழுபதுகளின் கடைசி அல்லது எண்பதுகளின் தொடக்கமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் அவரும் காத்திருந்து வந்தவர்தான். அன்றைக்கு வழி வேறு.

அப்போது படித்து முடித்ததும் சான்றிதழோடு வந்து பதிவு செய்வார்கள், அட்டை கொடுப்போம். 1959 ஆம் ஆண்டுச் சட்டப்படி காலியிடங்களை எங்களுக்குத் தெரிவிப்பது கட்டாயம். பதிவு மூப்புப்படி பெயர்களை அனுப்புவோம், வீட்டுக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதத்துக்காக வருஷக்கணக்கில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஆனால் அது வரிசை. மெதுவாகவாவது நகரும், உயிரோடு இருந்தால் முறை வரும் என்று ஒரு நம்பிக்கை. 1996 இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நிறுத்தாமல் பொது விளம்பரமும் கொடுத்து ஆள் எடுக்க வேண்டும் என்று சொன்னது. நியாயமான தீர்ப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரிசையின் மதிப்பு குறைந்துகொண்டே வந்து, எல்லாம் போட்டித் தேர்வாயிற்று. 2001 கடைசியில் நியமனத்துக்குத் தடை போட்டார்கள், 2006 வரை அது இருந்தது. அந்த ஐந்து வருஷத்தில் அட்டையைப் புதுப்பிக்க வந்தவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் அப்பா நின்றது வரிசையில். உங்கள் தம்பி நிற்பது போட்டியில். வரிசையில் பத்து வருஷம் நின்றவன் முன்னால் வந்திருப்பான். போட்டியில் பத்து வருஷம் நின்றவன் முதல் நாள் வந்தவனோடு மறுபடி ஒன்றாகத்தான் தொடங்க வேண்டும். "நாங்க எல்லாம் காத்திருந்து வாங்கலையா?" என்று அவர் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். அரசு ஊழியர், புரியும்.

கட்டைவிரல்:

அதான் கவர்மெண்ட் உதவித்தொகை தருதே, வாங்கிட்டு ஜாலியா இருக்கலாமே?

பழையரிஜிஸ்டர்:

எவ்வளவு என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா தம்பி? பத்தாம் வகுப்புத் தோல்விக்கு மாதம் 200 ரூபாய். தேர்ச்சிக்கு 300. பிளஸ் டூவுக்கு 400. பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் போடுவார்கள், மூன்று வருஷம்தான். அதை வாங்கப் பதிவு செய்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 க்குள் இருக்க வேண்டும். அதாவது வீட்டில் எல்லோரும் சேர்ந்து மாதம் ஆறாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கவில்லை என்று வருவாய் ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு ஓய்வூதியம் வரும் வீட்டில் கேள்விக்கே இடமில்லை. பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்புப் படித்தவர்களுக்கும் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் தொகை கொஞ்சம் கூடுதல், பத்து வருஷம் வரை.

அந்த 600 ரூபாயில் ஜாலியாக இருந்த ஒருவரை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நிர்வாகி:

கட்டைவிரல், இது இரண்டாவது வரி. சொல்ல விஷயம் இருந்தால் சொல்லுங்கள்.

சாக்பீஸ்:

வந்துவிட்டேன். இழையை முழுவதும் படித்தேன். எல்லோரும் தம்பி, பையன், மகன் என்றே எழுதுகிறீர்கள், கவனித்தீர்களா?

நான் பிஎட். தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி 2,448 பேர்தான் தேர்ச்சி. நான் 2013 இல் தேர்ச்சி. வீட்டில் பாயசம் வைத்தார்கள், வேலையே கிடைத்துவிட்டது போல. பிறகு பழைய படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் என்றார்கள். நான் படித்த காலத்து மதிப்பெண்ணை இப்போதைய பிள்ளைகள் வாங்கும் மதிப்பெண்ணோடு வைத்துப் பார்த்தால் நான் எங்கே நிற்பேன்? 2018 இல் தகுதித் தேர்வு மட்டும் போதாது, நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு என்று அரசாணை வந்தது. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் சான்றிதழ் ஏழு வருஷத்தில் காலாவதி என்றார்கள், அப்புறம் 2021 இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். சான்றிதழுக்கு ஆயுள் கிடைத்துவிட்டது.

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னை வேலை இல்லாதவள் என்று சொன்னதில்லை. "வீட்டில் இருக்காங்க" அவ்வளவுதான். தாமிரபரணிக்காரி சொன்ன ரேஷன், கரண்டு பில், ஆஸ்பத்திரி எல்லாம் நானும் செய்கிறேன். உங்கள் தம்பி செய்தால் அவமானம், நான் செய்தால் குடும்பப் பொறுப்பு. அவனைத் திட்டவாவது செய்கிறார்கள். எனக்கு அந்த மரியாதைகூட இல்லை. தேர்வு நாளன்று மதியச் சமையலை முடித்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். பிஎட் முடித்த எனக்குக் கொடுத்த சம்பளத்தை இங்கே எழுத மாட்டேன், பள்ளி வேன் டிரைவர் பார்த்தால் சிரிப்பார்.

மெஸ்அண்ணாச்சி:

சாக்பீஸ் டீச்சர் சொன்னதை ஒட்டி ஒன்று. சுங்குவார்சத்திரத்தில் மெஸ் வைத்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 இல் தொடங்கி 2014 நவம்பர் 1 இல் நின்றது. பக்கத்தில் பாக்ஸ்கானும் அதோடு சேர்ந்து மூடியது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று, அதில் நிறையப் பேர் இருபதுகளில் இருந்த பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள். கழுத்தில் ஐடி கார்டோடு ராத்திரி ஷிப்ட் முடிந்து விடிகாலை வந்து இட்லி கேட்கும். வீட்டுக்குப் பணம் அனுப்பி, தம்பியைப் படிக்க வைத்து, ஊரில் கூரையை மாற்றி ஓடு போட்ட பிள்ளைகள் எனக்கே தெரியும்.

ஆலை நின்ற பிறகு அதுகள் ஊருக்குப் போனதும் என்ன நடந்தது? ஆம்பளைப் பையன் திரும்பிப் போனால் "வேலை போயிருச்சாம்" என்று ஊரே பேசும். பொண்ணு போனால் "கல்யாண வயசு, சரியான நேரத்துலதான் வந்திருக்கா." வேலை போனதை யாரும் ஒரு இழப்பாகவே எண்ணவில்லை. சில வருஷம் கழித்து அதே இடத்தில் சால்காம்ப் வந்து சார்ஜர் செய்யத் தொடங்கினார்கள். என் கடைக்கு வந்தது எல்லாம் புது முகம். பழைய பிள்ளைகள் ஒன்றிரண்டு போன் பண்ணி "அண்ணாச்சி, எங்களை எடுப்பாங்களா?" என்று கேட்டுச்சு. நான் என்ன சொல்ல முடியும்?

மட்டுநகரான்:

இலங்கையில் இருந்து வாசிக்கிறேன். எங்களுக்கு இந்தக் கதை நல்லாப் பழக்கம். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் இங்கே மட்டக்களப்பு காந்திப் பூங்காவுக்கு முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தவை. யாழ்ப்பாணம், திருகோணமலையிலும் நடந்தது. போகிற வருகிற சனம் "கம்பஸ் படிச்சதுகள் ரோட்டில படுத்துக் கிடக்குதுகள்" என்று சொல்லிப்போட்டுப் போகும். 2020 இல் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளை அரசாங்கம் பயிலுநர்களாக எடுத்தது, மாதம் இருபதாயிரம் ரூபாய் கொடுப்பனவு.

இங்கே இன்னொரு கூத்து இருக்கிறது. தனியார் கம்பனியில் கைநிறையச் சம்பளம் எடுக்கிற பிள்ளையையும் தாய் தகப்பன் "இன்னும் ஒண்டும் கிடைக்கேல்ல" என்றுதான் சொல்வார்கள். அரச உத்தியோகம் மட்டும்தான் உத்தியோகம். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கட ஊரில் வேலையற்றவர் தொகை எந்தப் புள்ளிவிபரத்தையும் விடக் கூட.

தாமிரபரணிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பழையரிஜிஸ்டர் ஐயா, அப்பா 1980 இல் சேர்ந்தவர், நீங்கள் சொன்ன மாதிரி கடிதம் வந்துதான்.

ஆனால் அப்பா ஒன்று சொல்கிறார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. "முதல் ரெண்டு வருஷம் நாலு மணிக்கு எழுந்து படிச்சான். இப்போ பத்து மணி வரைக்கும் படுத்திருக்கான். நாள் முழுக்கச் சும்மா இருக்கிறவன் ஒரு புத்தகத்தை முழுசா முடிக்கிறானா?" இது நடக்கிறது. நானே பார்க்கிறேன்.

நாற்பத்திரண்டு:

நடக்கும். நானும் முதல் மாதம் காலை ஆறு மணிக்கு எழுந்து புது மென்பொருள் எல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கும் தளத்தைத் திறக்கவே மதியம் ஆகிறது. நேரம் நிறைய இருந்தால் நிறையச் செய்யலாம் என்பது வேலையில் இருப்பவர்களின் கற்பனை.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு ஊர். ஊரே ஒரு துணி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடியது. யஹோதா, லாசர்ஸ்ஃபெல்ட், ட்சைசல் என்று மூன்று ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே போய் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. தெருவில் நடக்கும் வேகத்தைக்கூடக் கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் அவர்களால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பெண்கள் வேகமாகத்தான் நடந்தார்கள், அவர்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்ததே! (சாக்பீஸ் மேடம், உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு.)

சோம்பேறி என்பதால் வேலை இல்லை என்று ஊர் நினைக்கிறது. வேலை இல்லாமல் நாள் போகப் போகத்தான் ஆள் அப்படி ஆகிறான் என்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்த விஷயம். அப்பாவிடம் ஆஸ்திரியாவைச் சொல்லாதீர்கள், எழுந்து போய்விடுவார்.

ரீடிங்ரூம்:

நம் நாட்டுக் கணக்கெடுப்பு இன்னும் வேடிக்கை. வாராந்திர நிலையைப் பார்க்கும் முறையில், அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே வேலையில் இருப்பவர். அண்ணன் கடையில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். 2023-24 இல் வழக்கமான நிலைப்படி, அதாவது முந்தைய ஒரு வருஷத்தை வைத்துப் பார்க்கும் முறையில், நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம். அக்கா தம்பி இரண்டு வாரம் சைட்டுக்குப் போனபோது யாராவது வந்து கேட்டிருந்தால் அந்த வாரத்துக்கு அவனும் கணக்கில் நல்லபடியாக இருந்திருப்பான். சாக்பீஸ் அக்கா வேலை தேடவில்லை என்று யாராவது வீட்டில் சொல்லியிருந்தால் அந்தக் கணக்குக்குள்ளேயே வரமாட்டார்.

பழையரிஜிஸ்டர்:

எங்கள் பக்கக் கணக்கும் அப்படித்தான், எதிர்த்திசையில். 2023 வாக்கில் தமிழக வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பதிவேட்டில் 65 லட்சத்துக்கு மேல் பெயர் இருந்தது. அதில் பள்ளி மாணவர்களே பல லட்சம். ஏற்கெனவே தனியார் வேலையில் இருந்துகொண்டு அரசு வேலைக்காகப் புதுப்பிப்பவர்களும் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய சில ஆயிரம் பேர் பெயரும் இருந்தது. ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகும் முதல் வேலைக்குக் காத்திருப்பவர்கள்.

பனியன்கம்பெனி:

எல்லாம் படித்தேன். ஆள் கிடைக்கவில்லை என்று நான் எழுதியதில் மாற்றமில்லை. ஆனால் யாரும் கேட்காத ஒன்றை முதலாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிடிக்காது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாலு வருஷம் இடைவெளி உள்ள பயோடேட்டா வந்தால் நான் ஓரமாக வைத்துவிடுவேன். சோம்பேறி என்பதால் இல்லை. "இடையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "டிஎன்பிஎஸ்சி படித்தேன்" என்பார்கள். எனக்கு உடனே பயம் வரும். மூன்று மாதம் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்து, ஆர்டர் தரும் பையருக்கு மெயில் அனுப்பும் அளவுக்குக் கொண்டுவந்த ஆள், ஹால் டிக்கெட் வந்ததும் ஒரு மாதம் லீவு என்பான். அப்புறம் போனை எடுக்க மாட்டான். இரண்டு பேர் அப்படிப் போனார்கள். நாற்பத்திரண்டு சார் சொன்ன குடை சொந்தக்காரர்களிடம் மழையைத் தடுக்கலாம். இன்டர்வியூவில் அது ஆளையே மறைத்துவிடுகிறது.

நாற்பத்திரண்டு:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் அண்ணே. வீட்டில் காப்பாற்றும் பதில் வெளியே கவிழ்க்கிறது. எனக்கும் அதே கதைதான், "கன்சல்டிங்" என்று சொந்தக்காரர்களுக்குச் சொன்னதை பயோடேட்டாவிலும் எழுதினேன். "யாருக்கு கன்சல்டிங், எத்தனை கிளையன்ட்?" என்று எச்ஆர் கேட்டார்கள். ஒரு பொய்யை எத்தனை இடத்தில் பராமரிப்பது?

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி. ஹால் டிக்கெட் வந்தால் லீவு தருகிறேன், ஜெயித்தால் வாழ்த்தி அனுப்புகிறேன் என்று முன்கூட்டியே சொல்லும் முதலாளி ஒருத்தர் இருந்தால் அந்தப் பையன் போனை எடுத்திருப்பானா, மாட்டானா?

பனியன்கம்பெனி:

ஷிப்மென்ட் இருக்கும்போது யார் சார் லீவு தருவார்கள்? எனக்கு யாரும் தருவதில்லையே. யோசிக்கிறேன்.

மெஸ்அண்ணாச்சி:

இஎஸ்ஐ பிடித்துக்கொண்டிருந்த கம்பெனியில் வேலை போனவர்கள் யாராவது படித்தால்: இஎஸ்ஐயில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒன்று இருக்கிறது, 2018 இல் வந்தது. நிபந்தனை பொருந்தினால் சராசரிக் கூலியில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை. என் கடையில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

தாமிரபரணிக்காரி:

வார இறுதியில் ஊருக்குப் போயிருந்தேன். வரிசை, போட்டி என்று ஐயா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். 22 லட்சம் என்ற எண்ணையும் சொன்னேன். "எங்க காலத்துல இத்தனை பேர் படிக்கல" என்றார். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். மனம் மாறினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியோடு இன்னும் பேசவில்லை.

கல்யாண விஷயத்தில் மட்டும் ஒன்று நடந்தது. தம்பி அவனாகவே, "நான் வர்றேன். யாரு கேட்டாலும் வேலை இல்ல, தேடிக்கிட்டு இருக்கேன்னு சொல்றேன். படிக்கிறேன்னு இனிமே சொல்ல மாட்டேன்" என்றான். அவ்வளவுதான், அப்பாவுக்கு வந்ததே கோபம்! "அவன்கிட்ட சொல்லுங்க, படிக்கிறேன்னே சொல்லித் தொலைக்கச் சொல்லுங்க!" என்று ஆச்சியைப் பார்த்துக் கத்தினார். ஆச்சிக்குக் காது கேட்காது. தம்பி சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை.

சாக்பீஸ்:

சொல்லட்டும், நல்லது. ஆனால் அவனுக்குப் பெண் பார்க்கிறவர்களும் அந்தக் கல்யாணத்துக்கு வருவார்களா? வந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊர் மாறுவதற்குள் அவனுக்கு நாற்பதாகிவிடும்.

ரீடிங்ரூம்:

எனக்கு அவன் சொன்னது பிடித்திருக்கிறது. நான் சொல்ல மாட்டேன், தைரியம் இல்லை.

பனியன்கம்பெனி:

தங்கச்சி, சிவில் டிப்ளமோ, சைட் அனுபவம் என்றீர்கள் இல்லையா? என் மச்சான் பல்லடம் பக்கம் குடோன் கட்டிக்கொடுக்கிறார். சைட்டில் அளவு எடுக்க, பில் சரிபார்க்க ஆள் தேடுகிறார். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் லீவு தர வேண்டும் என்று நான் பேசியாயிற்று, முனகிக்கொண்டே சரி என்றார். தங்க இடம் உண்டு. இடைவெளி பற்றிக் கேட்க மாட்டார், நான் சொல்லிவிட்டேன். தம்பிக்கு இஷ்டம் இருந்தால் தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள்.

தாமிரபரணிக்காரி:

கேட்டேன் அண்ணா. சம்பளம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று முதலில் கேட்டுச் சொல்லச் சொன்னான். லீவு தருவதாகச் சொன்னதையும் எழுத்தில் கொடுப்பாரா என்று கேட்கிறான். நம்பர் அனுப்பியிருக்கிறேன்.